திருப்பியின் மோட்டார் சைக்கிள்

வாகனத் தகுதி பார்க்கும் அலுவலகத்தில் அவர் இருபத்தாறு வருடமாக ஆய்வாளர். வண்டி காட்ட வருகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘திருப்பி’. எந்த வண்டி வந்தாலும் ஒரு குறையைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் வந்த பெயர். கையில் இரும்பு ஸ்கேல், சட்டைப் பையில் சாக்பீஸ். நம்பர் பலகையில் ஒரு எழுத்து நூலிழை அளவு அகலம் கூடியிருந்தாலும் போதும், திருப்பிதான். ஒரு டாக்ஸியின் ஹாரன் கரகரக்கிறது என்று அனுப்பியபோது, “அதுக்கு ஜலதோஷம் சார், ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று ஓட்டுநர் கெஞ்சிப் பார்த்தார். “சரியானதும் வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டார்.

லஞ்சம் தொடமாட்டார். அதனால் மனதாரத் திட்டக்கூட ஒரு காரணம் கிடைக்கவில்லையே என்பதுதான் ஓட்டுநர்களின் பெரிய மனக்குறை.

அவருடைய ஐம்பத்து நான்காவது வயதில் மைத்துனர் வீடு மாற்றினார். புது வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லை. “மச்சான், நீங்களே வச்சுக்கங்க” என்று தன்னுடைய முப்பது வருடப் பழைய மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் சாய்த்துவிட்டுப் போனார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஊரார் மாட்டுக்கெல்லாம் பல் எண்ணியே தலை நரைத்தவர், அன்றைக்கு மட்டும் எண்ணவில்லை.

பழுது பார்த்து ஓட்டுவதுதான் முதல் எண்ணம். முன்னறையில் பழைய செய்தித்தாளை விரித்து வண்டியைப் பிரித்தார். அரை நாளில் வண்டி காணாமல் போய்விட்டது. வீடு நிறைய அதன் உறுப்புகள் மட்டும் இருந்தன. கார்புரேட்டர் சாப்பாட்டு மேசையில், செயின் மண்ணெண்ணெய் வாளியில். பெட்ரோல் டேங்க் சோபாவில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். உருண்டோடிய நட்டு, போல்ட்டுகளைப் பொறுக்கி, மாத்திரை போடும் காகித உறைகளில் போட்டு, மேலே பெயர் எழுதிக் கொடுத்தது அவர்தான். பழக்க தோஷத்தில் சில உறைகளில் ‘காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின்’ என்றும் குறித்துவிட்டார்.

நான்காவது மாதம் எஞ்சின் பேசியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆசை யாரை விட்டது? உயர்ந்த ஹேண்டில்பார், குட்டைச் சைலன்சர், வெட்டிய மட்கார்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இண்டிகேட்டர் என்று எத்தனையோ வண்டிகளை அவர் பிடித்துப் பிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார். அவற்றையெல்லாம் வெறுப்போடு பார்த்தார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

வண்டியை வெல்டரிடம் தள்ளிக்கொண்டு போனார். அந்த வெல்டரின் சரக்கு வண்டியை இவர் மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தார். மட்கார்டில் வெட்ட வேண்டிய இடத்தில் இவர் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்ததும் வெல்டர் தயங்கினார்.

“சார், இதை வெட்டினா பாஸ் ஆகாதே?”

“பாஸ் பண்றது யாரு?”

“நீங்கதான்.”

“அப்புறம் என்ன? வெட்டு.”

வெல்டர் இத்தனை சந்தோஷமாக எதையும் வெட்டியதில்லை.

ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன இருக்கை, தோல் உறை போட்டு வந்தது. மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“நான் எங்க உக்கார்றது?”

“இது ஒத்தை ஆள் வண்டி. ஸ்டைலே அதுதான்.”

“இதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்.”

வண்டியின் பதிவு காலாவதியாகியிருந்ததால் புதுப்பிக்க ஆய்வு தேவைப்பட்டது. தன் சொந்த வண்டியைத் தானே பார்க்கக் கூடாது என்று விதி இருப்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. இருந்த இன்னொரு ஆய்வாளர் ஒரு இளம் பெண். ஆறு வருடம் அவருக்குப் பக்கத்து மேசை. ஓட்டுநர்கள் வைத்த பெயர் ‘சின்னத் திருப்பி’.

சேதி தீயாகப் பரவியது. அன்று காலை, காட்டுவதற்கு வண்டி இல்லாதவர்கள்கூட வந்துவிட்டார்கள். ஜலதோஷ டாக்ஸிக்காரர் முதல் வரிசை. டீக்காரர் மூன்றாவது கேனை நிரப்பிக்கொண்டு வந்தார்.

அவள் ஸ்கேலை எடுத்தாள். குனிந்தாள், அளந்தாள், எழுதினாள். பேனா நகர நகர இவருக்கு வேர்த்தது.

“அந்த மட்கார்டு அழகுக்காகப் பண்ணினதும்மா.”

“படிவத்துல அழகுக்குக் கட்டம் இல்ல சார்.”

“நானும் இதே ஆபீஸ்தானே. கொஞ்சம் பாத்துப் பண்ணும்மா.”

இருபத்தாறு வருடம் தினமும் பத்துப் பேராவது அவரிடம் சொன்ன வாக்கியம் அது. தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவருக்குக் காது சிவந்தது.

“பாத்துதான் சார் பண்றேன்” என்று பதினான்கு குறைகள் எழுதிய தாளைக் கொடுத்தாள்.

தகுதி இழந்த வண்டியைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. தள்ளினார். அலுவலக வாசலிலிருந்து பெரிய சாலை வரை ஏற்றம் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பாதி ஏற்றத்தில் பாரம் குறைந்த மாதிரி இருக்க, திரும்பிப் பார்த்தார். டாக்ஸிக்காரர் பின்னால் கைகொடுத்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

வீட்டில் மனைவி தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தார். “இருக்கை: பதிவில் இரண்டு, வண்டியில் ஒன்று” என்ற வரியை மட்டும் இரண்டு தடவை.

“பதினாலும் சரிதானா?”

“இல்ல.”

“அதானே பாத்தேன். எது தப்பு?”

“பதினேழு இருக்கு. மூணை அவ விட்டுட்டா.”

அவமானத்தைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அந்த மூன்றைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாள் அலுவலகம் திறந்ததும் அவள் மேசைக்கு முன் போய் நின்றார்.

“ஸ்டாண்டு ஸ்பிரிங் பாக்கல. பின் விளக்கு உயரம் அளக்கல. செயின் கவர் எங்கன்னு கேக்கவே இல்ல.”

அவள் பேனாவை எடுத்து மூன்றையும் சேர்த்து எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டாள். “நன்றி சார்” என்றாள். அவருக்குச் சொல்ல முடியாத நிம்மதி.

வெல்டர் வெட்டியதையெல்லாம் ஒட்டினார். நீள இருக்கை வந்தது. இரண்டாவது ஆய்வில் வண்டி தேறியது. வேடிக்கை பார்க்க ஒரு ஆள் வரவில்லை. இனிமேல் மனிதர் கொஞ்சம் இளகுவார் என்று நம்பி அன்று மதியமே ஒரு மீன் வண்டிக்காரர் வந்தார். கண்ணாடியில் விரிசல் என்று திரும்பிப் போனார்.

மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டுநர் உரிமம் உண்டு. அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இப்போது வார நாட்களில் வண்டி அவரோடு மருந்துக் கடைக்குப் போகிறது. ஆய்வாளர் பஸ்ஸில் போகிறார். மாலையில் வண்டி வந்து நின்றதும் டயரை அழுத்திப் பார்ப்பார், குனிந்து செயினைப் பார்ப்பார்.

“ஏதாவது சொல்லணுமா?” என்று மனைவி ஹெல்மெட்டைக் கழற்றியபடி கேட்பார்.

“ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு” என்பார்.