தேறுமா, தேறாதா

கோர்ட்டு வாசலில் என் அண்ணனுக்கு மோப்பம் என்று பெயர். தீர்ப்பு வாங்கியும் பணம் வராதவர்கள் வந்து நின்றால், வக்கீல் முதலில் அவனைத்தான் அனுப்புவார். கொடுக்கவேண்டியவனிடம் ஜப்தி செய்ய ஏதாவது இருக்கிறதா, மேலும் செலவழித்தால் தேறுமா என்று பார்த்துச் சொல்வது அவன் வேலை. வாடகை வீடு தேடுகிறவன்போல் தெருவில் விசாரிப்பான். பிறகு கதவைத் தட்டித் தண்ணீர் கேட்பான். தனி ஆண் என்றால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்று என்னையும் கூட்டிப்போவான்.

"இவ பேசாத பேச்சுக்கெல்லாம் சேர்த்துக் கண்ணால பார்த்துடுவா" என்று கிண்டல் வேறு.

இந்த முறை வழக்கு எங்கள் அக்காவுடையது. சலவைக்கடை இயந்திரம் அவளுடைய இடது கை விரல்களைத் தின்றுவிட்டது. முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்று தீர்ப்பு வந்தும் ஒரு காசு வரவில்லை. ஜப்தி மனுச் செலவுக்குக் காதுத் தோட்டை விற்பதென்று அக்கா கழற்றி முந்தானையில் முடிந்துவைத்திருந்தாள்.

"எங்கயாவது பதுக்கி வச்சிருப்பான்டா. போய்ப் பாரு."

முதலாளி கோர்ட்டுப் பக்கமே வந்ததில்லை. எங்கள் முகம் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

முனைக்கடைக்காரர் அண்ணனிடம் சொன்னார்: "கடை, மெஷின் எல்லாம் பேங்க்காரன் கொண்டுபோயிட்டான். அந்த வீட்டுக்கு நான் உப்புகூடக் கடன் தர்றதில்லைங்க."

தண்ணீர் கேட்டு அந்த வீட்டுக்குள் போனதும் கூடத்தில் ஆளுயர பிரிட்ஜைப் பார்த்தேன். மனசுக்குள் சந்தோஷம். ஆனால் முதலாளியின் மனைவி வாளியிலிருந்துதான் தண்ணீர் மொண்டு தந்தாள். அவள் கையில் முழங்கை வரை கரி இஸ்திரிப்பெட்டி பட்ட சூட்டுத் தழும்புகள். பிரிட்ஜ் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே இஸ்திரி போட்டு மடித்த ஊரார் துணிகள்.

என் பார்வையைக் கவனித்துவிட்டாள்.

"கரண்டைப் பிடுங்கிட்டாங்கம்மா. அதுக்குள்ள எலி வராது."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதலாளி திரும்பவே இல்லை.

நாங்கள் திரும்பியபோது எங்கள் வீட்டு வாசலிலேயே அக்கா நின்றிருந்தாள்.

"தேறுமாடா?"

அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தேறாதுக்கா. ஒரு பழைய பிரிட்ஜு இருக்கு. மனுச் செலவுக்குக்கூடக் காணாது. தோட்டை வித்துடாதே" என்றான்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடி."

பார்த்ததைச் சொன்னேன். துணி, எலி, சூடு எல்லாவற்றையும்.

"சொகுசா இருக்கான்னு சொல்லியிருந்தா உக்காந்து திட்டிக்கிட்டாவது கிடப்பேன்" என்றாள் அக்கா. "இப்ப யாரைத் திட்டுறது?"

அண்ணன் கால் கழுவப் போய்விட்டான். அக்கா முடிச்சை அவிழ்த்துத் தோட்டைக் காதில் நுழைத்தாள். ஒரு கையால் தோட்டைப் பிடித்துக்கொண்டே திருகாணியைப் போட முடியவில்லை. நான் போட்டுவிட்டேன்.

"நல்லா இறுக்குடி" என்றாள்.