கசிந்தால் முதலில் உங்களுக்குத்தான்

லொங்குய்ய் மெட்ரோ ரயில் நிலையத்திலிருந்து மேலே வந்ததும் கைப்பேசி அடித்தது. அழைத்தவர் என்னோடு வேலை செய்த மூத்த பொறியாளர் சிவகௌரி அக்காவின் கணவர். "தம்பி, விடியக் காலமை கௌரி எங்களை விட்டுட்டுப் போயிட்டா." புற்றுநோய் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், தினமும் போகும் அலுவலகத்துக்கு வழி மறந்து நின்றேன்.

அக்காவை அறிந்தவர்கள் அவருடைய பாறைப் பைத்தியத்தையும் அறிவார்கள். நிலத்தடிப் பாறையைக் குடைந்து, கான்கிரீட் பூசி, உள்ளே எஃகுத் தகடு போர்த்தி, அதில் ஹைட்ரஜன் வாயுவைச் சேமித்துப் பார்க்கும் சோதனைக் குகை எங்களுடையது. தகடு இன்னும் தடிப்பாக இருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "பாரத்தைக் கல்லுத் தாங்கும். தகடு வாயுவைப் பிடிச்சிருந்தால் காணும். எல்லாத்தையும் தானே தாங்கப் போனால் வெடிச்சுப் போகும், உம்மைப் போல" என்றார். அப்போது நான் மூன்று பேர் வேலையைத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தேன். மறுநாளே பாதியைப் பிடுங்கிக்கொண்டார்.

குகைக்கு அருகில் குடியிருப்பவர்களைக் கூட்டி ஒப்புதல் கேட்ட நாளை மறக்க முடியாது. அவர்கள் மறுத்தால் திட்டமே இல்லை. மார்செல் என்ற முதியவர் எழுந்து, "வாயு கசியுமா?" என்று கேட்டார். கசியவே கசியாது என்று சொல்லும்படி மேலாளர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அக்காவோ நல்ல பிரெஞ்சில், "கொஞ்சம் கசியலாம். கசிந்தால் முதலில் உங்களுக்குத்தான் தொலைபேசியில் சொல்வேன்" என்றார். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. முடிவு தள்ளிப்போனது.

திரும்பும் வழியில் காரிலேயே கத்தினேன். "என்னக்கா இது? இத்தனை வருஷ உழைப்பைப் போட்டு உடைச்சிட்டீங்களே!"

"அதுக்குப் பக்கத்தில நித்திரை கொள்ளப் போறது அந்தாள், தம்பி. நானும் நீரும் இல்லை."

பனி கரைந்தபின் ஒப்புதல் வந்தது. ஏனென்று எங்களுக்குத் தெரியவில்லை. முதன்முறை அழுத்தம் ஏற்றியபோது தகடுகளைப் பற்றவைத்த இணைப்பு ஒன்றில் துளியளவு கசிந்தது. மேலாளருக்கும் முன்னால் மார்செலுக்குத்தான் அழைப்பு போனது. "என்னையும் பேச விடுங்கக்கா" என்றேன். "உம்மட பிரெஞ்சைக் கேட்டால் மனுசன் வீட்டைக் காலி பண்ணிப்போடும்" என்றார்.

லவால் நகரில் நடந்த அக்காவின் இறுதி நிகழ்வில், வேட்டி சேலைகளுக்கு நடுவே கறுப்புக் கோட்டுடன் மார்செல் நின்றார். "கசியலாம் என்று சொன்னது அவர் ஒருவர்தான். அதை நம்பித்தான் வீடு வீடாகப் போய் மற்றவர்களிடம் பேசினேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இனி என்னை யார் கூப்பிடுவார்கள்?"

என் ஓட்டைப் பிரெஞ்சில், "நான்" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வாக்குத்தான். அடுத்த வாரம் மறுபடி அழுத்தம் ஏற்றுகிறோம். துளி கசிந்தாலும் முதலில் மார்செலை அழைப்பேன். என் பிரெஞ்சைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரிக்கட்டும். மார்செல் வீட்டைக் காலி செய்ய மாட்டார்.