தாகத்தின் சார்பில் பேசப் போன கதை

போன மாதம் ஒரு திணைக்களத்திலிருந்து தொலைபேசி வந்தது.

“சேர், நீங்கள் தலைமன்னார்தானே? உங்கட வீட்டுக் கிணறு உவர்தானே?”

உவர்தான். அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டால் சீனியும் உப்பும் சண்டை பிடிக்கும். குடிக்கப் பவுசர் வண்டியில் வருகிற தண்ணீர்தான். ஆனால் இதை ஒரு திணைக்களம் ஏன் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறது?

விஷயம் இதுதான். வெள்ளாங்குளம் பக்கத்தில் ஒரு குளம். அதிலிருந்து குழாய் போட்டு எங்கள் தீவுக்குத் தண்ணீர் கொண்டுவரத் திட்டமாம். அந்தக் குளத்தை நம்பி வயல் செய்கிற கமக்காரர்கள் மறுக்கிறார்களாம். தாகத்தோடு இருக்கிற ஒருவர் வந்து நாலு வார்த்தை பேசினால் அவர்கள் மனம் இளகுமாம். அவர் பத்தி எழுதுகிறவராகவும் இருந்துவிட்டால் இன்னும் விசேஷமாம்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எழுதி எழுதி என்னத்தைக் கண்டோம் என்றிருந்தவனைத் தாகத்தின் பிரதிநிதியாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்களே... உருக்கமான பேச்சொன்றை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவர்கள் அனுப்பிய வாகனத்தில் ஏறினேன்.

பொதுநோக்கு மண்டபத்தில் நல்ல கூட்டம். எனக்கு முன்வரிசையில் கதிரை. அதிகாரிகளுக்கு முன்னால் போத்தல் தண்ணீர். கமக்காரர்களுக்கு முன்னால் அதிகாரிகள்.

இளம் பொறியியலாளர் ஒருவர் திரையில் வரைபடம் காட்டி விளக்கினார்.

“எங்களுக்கு வேண்டியது மிச்சத் தண்ணி மட்டும்தான். மாரியில குளம் நிரம்பி, வான் பாய்ஞ்சு, கடலுக்குப் போற தண்ணி. வீணாப் போறதைத்தானே கேட்கிறம்?”

வான் என்பது நிரம்பிய குளம் வழிந்தோடும் கலிங்கு. நியாயமாகத்தான் பட்டது. நான் தலையாட்டினேன். அதற்குத்தானே கூட்டி வந்திருந்தார்கள்?

அப்போது ஒரு பெண் எழுந்தார். பெயர் செல்வராணி. கமக்கார அமைப்பின் செயலாளர். மூன்று ஏக்கர் வயலைத் தனியாகச் செய்கிறவர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

“மிச்சத் தண்ணி எண்டா சந்தோஷமாத் தருவம், சேர். அப்ப குழாயின்ர வாயை வான் மட்டத்தில வையுங்கோ. குளம் வழிஞ்சா உங்களுக்கு. வழியாட்டி எங்களுக்கு.”

பொறியியலாளர் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

“அது... தொழில்நுட்ப விஷயம், அம்மா.”

“ஓம். ஆனா உந்தப் படத்தில குழாய் துருசுக்கும் கீழ நிக்குது. குளத்தின்ர அடியில கிடக்கிறது எப்பிடி மிச்சத் தண்ணியாகும்?”

துருசு என்பது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு. அதற்கும் கீழே குழாய் வைத்தால், கடும் வெயில் காலத்தில் மாடு குடிப்பதற்கும் ஊர்க் கிணறுகள் ஊறுவதற்கும் கிடக்கிற கடைசித் தண்ணீரும் போய்விடும். மேலே வழிகிற தண்ணீரை அடியில் பிடிக்கிற விஞ்ஞானத்தை அன்றுதான் அறிந்தேன்.

செல்வராணி உட்காரவில்லை.

“இன்னொண்டு, சேர். குழாய் எங்க போய் முடியுது?”

பொறியியலாளர் தீவைத் தொட்டுக் காட்டினார். வரைபடம் அப்படிச் சொல்லவில்லை. தடித்த நீலக் கோடு பெருநிலக் கரையில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து தலைமன்னார் வரை வெறும் புள்ளிகள்.

“நீலக் கோடு நிக்கிற இடத்தில என்ன இருக்கு?”

“ஒரு... உல்லாச விடுதி வரப்போகுது. முதலாம் கட்டம் அதுவரைக்கும். தீவு இரண்டாம் கட்டம்.”

“அது எப்ப?”

“நிதி கிடைச்சதும்.”

ஆக, நான் ஒரு புள்ளிக் கோடு. யாரோ நீச்சலடிப்பதற்காக என் தாகத்தை வாகனம் வைத்து ஏற்றி வந்திருக்கிறார்கள். நானும் முன்வரிசையில் குந்தியிருந்து தலையாட்டியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துத்தான், “தீவு மக்கள் சார்பில் இப்ப சேர் பேசுவார்” என்று அறிவித்தார்கள்.

எழுந்தேன். உருக்கமான பேச்சு சட்டைப்பையிலேயே கிடந்தது.

“எங்களுக்குத் தண்ணி இல்லை, அது உண்மை. உங்கட தண்ணியைக் கேட்கத்தான் வந்தனான். இப்ப கேட்கேல்லை. எங்கட பேரைச் சொல்லி ஆரும் கேட்டாலும் குடுக்காதேங்கோ.”

கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் தட்டவில்லை. செல்வராணி குழாயை எதிர்க்கும் மனுத் தாளொன்றை நீட்டினார்.

“அப்ப இதில கையெழுத்து வைப்பீங்களோ, அண்ணை?”

வைத்தேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தால், என்னைக் கூட்டி வந்த வாகனத்தைக் காணவில்லை. கமக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பஸ் பிடிக்கப் போனேன்.

அதே மனுவின் பிரதியோடு ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கோயில் வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு மரியதாஸ், கடற்றொழிலாளி, வாசித்துவிட்டு முறைத்தார்.

“உமக்குத் தண்ணி வேண்டாமெண்டா நீர் குடியாதையும். எங்கட வாயில ஏன் மண்ணைப் போடுறீர்?”

கோபிக்க அவருக்கு உரிமை இருந்தது. வீட்டில் கைக்குழந்தை வேறு. தாளின் பின்பக்கத்தில் அந்த வரைபடத்தைக் கீறிக் காட்டினேன். கோடு எங்கே நிற்கிறது, புள்ளி எங்கே தொடங்குகிறது என்று மரியதாஸ் விரலால் தடவிப் பார்த்தார்.

“கரையில ஆரோ குளிக்கிறதுக்கு என்ர பிள்ளையின்ர பேரா?” என்றார். பேனையை வாங்கினார்.

குழாய்க்கு அளவை எடுக்கத் திணைக்கள ஆட்கள் வந்த காலையில் குளக்கட்டில் கமக்காரப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் தலைமன்னாரிலிருந்து பஸ்ஸில் வந்த பன்னிரண்டு மீனவர். தாகத்தோடு இருப்பவர்கள் எதிரே வந்து இருந்துவிட்டால் யாருடைய தாகத்தைச் சொல்லி அளப்பது? அளக்க வந்தவர்கள் ஒரு மணித்தியாலம் தொலைபேசியில் பேசினார்கள். பிறகு கருவிகளை மடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வென்றுவிட்டோமா? அப்படி யாரும் சொல்லவில்லை. திட்டம் இப்போது ‘மீளாய்வில்’ இருக்கிறதாம். நம் நாட்டில் மீளாய்வு என்றால் வேறொன்றுமில்லை... எதிர்க்கிறவர்கள் களைத்துப் போகும்வரை காத்திருப்பது.

நான் பார்த்தவரைக்கும், செல்வராணி களைக்கிற ஆளில்லை.