மற்றும் பலர்

இப்போதெல்லாம் பிரபலம் ஆவது ரொம்ப சுலபம். என் அக்கா மகள் ஈப்போ வீட்டுச் சமையற்கட்டில் நின்று நண்டு உடைக்கிறாள், அதைக் கைப்பேசியில் பார்க்க ஊரே கூடுகிறது. எங்கள் காலத்தில், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், அப்படியா? பக்கத்துத் தோட்டத்துக்கு எதிராகக் கோல் போட்டவன் ஒரு வாரத்துக்குப் பெரிய ஆள். திருவிழா மேடையில் சினிமாக்காரன் மாதிரி ஆடியவன் அடுத்த திருவிழா வரைக்கும் பெரிய ஆள். ஆனால் வானொலியில் பேர் வந்ததா, அவன்தான் நிஜமாகவே பிரபலம். மற்றதெல்லாம் சும்மா.

அந்தப் புகழ் என் அக்கா கையில் இருந்தது. பாட்டு கேட்டு வாராவாரம் அஞ்சலட்டை போடுவாள். பாட்டுக்கு ஒரு வரி, மிச்ச இடமெல்லாம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களின் பேர். எங்கள் வீட்டில் ஆரம்பித்து, பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு என்று வரிசையாக எழுதுவாள். “இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர்கள்” என்று அறிவிப்பாளர் தொடங்கியதும் லயமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பேர் வந்தவர்கள் மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நிற்பார்கள். வேலை வாங்கும் தண்டல்கூட அன்றைக்கு அவர்களைத் திட்ட மாட்டார்.

கடைசி வீட்டில் ஒரு அத்தை இருந்தார். சொந்தமில்லை, கூப்பிடும் முறைக்கு அத்தை. பாட்டு நேரத்துக்கு முன்பே உலை இறக்கிவிட்டு, வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாவம், அவர் வீடு வருவதற்குள் அறிவிப்பாளருக்கு அலுத்துப்போகும். “மற்றும் பலர்” என்று சொல்லிப் பாட்டைப் போட்டுவிடுவார். ஒரு தடவை இல்லை, எல்லாத் தடவையும் இதே கதைதான். பொடிசுகள் அவருக்கு ‘மற்றும் பலர் அத்தை’ என்றே பட்டப்பேர் வைத்துவிட்டன.

ஒருநாள் அத்தை அக்காவிடம் வந்து, ஒரே ஒரு வாரம் தன் வீட்டிலிருந்து ஆரம்பித்து எழுதச் சொல்லிக் கேட்டார். வரிசைன்னா வரிசைதான் என்று அக்கா சொல்லிவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த அட்டையைக் கிழித்துப் போட்டிருப்பேன். அவ்வளவு தலைக்கனம் அவளுக்கு. அன்றோடு அத்தை அக்காவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அப்புறம் ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டார்கள். லயம் கலைந்தது. அத்தை மகனோடு தஞ்சோங் மாலிம் போனார், நாங்கள் ஈப்போ வந்தோம்.

இந்த வருஷம் பழைய தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ஈப்போவில் ஒரு மண்டபத்தில் கூடினோம். அக்கா மகளோடு படம் எடுத்துக்கொள்ள அப்படி ஒரு தள்ளுமுள்ளு. அத்தையும் வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். இந்த வயசிலுமா என்று எனக்கு மனசு கனத்தது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் நேரலை போட்டதும் அக்கா எழுந்து போய்க் கைப்பேசியை வாங்கினாள். கொண்டையைச் சரிசெய்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கால அறிவிப்பாளர் குரலிலேயே ஆரம்பித்தாள். இந்த நேரலையை விரும்பிப் பார்ப்பவர்கள், கடைசி வீட்டிலிருந்து என்று சொல்லி, அத்தையின் பேரை அவர் அப்பா பேரோடு சேர்த்து முழுசாகச் சொன்னாள்.

அத்தை திரும்பினார். எழுந்து, மெதுவாக நடந்து அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

“இன்னொரு தடவ சொல்லுடி.”

அக்கா சொன்னாள். மறுபடியும் சொல்லச் சொன்னார், மறுபடியும் சொன்னாள். மண்டபமே கைதட்டியது. அத்தை பொக்கை வாயால் சிரித்துக்கொண்டே அழுதார். நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

அக்கா விடவில்லை. கடைசி வீட்டிலிருந்து ஒவ்வொரு வீடாகப் பின்னோக்கி வந்தாள். அந்தந்த வீட்டு ஆட்கள் எழுந்து கை ஆட்டினார்கள். கடைசியாக எங்கள் வீடு. நானும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். அதற்குள் அத்தை அக்கா கையிலிருந்த கைப்பேசியை வெடுக்கென்று பிடுங்கி, வாயருகே வைத்துக்கொண்டார்.

“மற்றும் பலர்,” என்றார். “போதும்லா, பாட்டப் போடு.”