கோர்சிகாவில் ஒரு தமிழ்க் குடும்பம்

என் கணவர் தவசீலனோடு பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போகிறவள் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. மெத்ரோவால் இறங்கி ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் இருக்கிற கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்குக் கால் இரண்டும் விறைத்துவிடும். சலூன் வாசலில் ஒருவர், நகைக்கடை வாசலில் ஒருவர், எல்லாரோடும் நின்று கதைக்க வேண்டும். புதுமுகம் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அன்றைய சமையல் போச்சு. "தம்பி எந்த இடம்?" என்று தொடங்குவார். தம்பி விசுவமடு என்பான். விசுவமடுவில் எந்தப் பக்கம் என்பார். கடைசியில் அந்தத் தம்பியின் சின்னம்மாவின் கணவரும் இவருடைய மச்சானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்று முடியும். நான் பையும் கையுமாக நின்று பல்லைக் கடிப்பேன்.

அந்தத் தெருவில்தான் இவருக்கு வேலை. ஒரு மரக்கறிக் கடையின் வானை ஓட்டுகிறார். இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்து இறங்கிய பெடியன்களில் எத்தனையோ பேருக்கு அறை பார்த்துக் கொடுத்தவர், விசா அலுவலுக்குப் பிரெஃபெக்சருக்குக் கூட்டிக்கொண்டு போனவர், வேலை தேடிக் கொடுத்தவர். அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிவிடும். இவர் பாரிசுக்கு வந்த முதல் நாள், கார் து நோர் ரயில் நிலைய வாசலில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றபோது யாரோ ஒரு தமிழர் "தம்பி, சாப்பிட்டியோ?" என்று கேட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாராம். அன்று தொடக்கம் இவருக்கு உலகம் இரண்டு வகை: தமிழர் இருக்கிற இடம், தமிழர் இல்லாத இடம். பாரிசுக்கு வெளியே கார்ஜ் லே கொனெசில் எங்களுக்கு வீடு கிடைத்தபோதுகூட இவர் உள்ளே போய் அறைகளைப் பார்க்கவில்லை. கீழே நின்று தபால்பெட்டிகளில் இருந்த பெயர்களை வாசித்தார். மூன்று தமிழ்ப் பெயர் கண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார். குசினிக் குழாய் ஒழுகுவதை நான் குடிவந்த பிறகுதான் கண்டேன்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பிறந்த ஒரே பிள்ளை ஆரணி, இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு கோடையில், தான் கோர்சிகாவில் படிக்கப் போவதாகச் சொன்னாள். பள்ளிக்கூடத்தோடு ஒரு கிழமை அங்கே சுற்றுலா போய் வந்ததிலிருந்து அவளுக்கு அந்தத் தீவின் காட்டில் பித்து. எரிந்துபோன காடு எப்படித் திரும்ப முளைக்கிறது என்பதைப் படிக்க வேண்டுமாம். தீவின் நடுவே மலைக்குள் இருக்கிற கோர்த்தே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. வீட்டுக்குக் கிட்ட, சென் தெனியில் முகாமைத்துவம் படிக்கவும் ஓர் இடம் கிடைத்திருந்தது. இரண்டில் ஒன்றுக்கு ஓம் சொல்ல ஜூலை நடுப்பகுதி வரைதான் தவணை.

"அங்கை தமிழ் ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்றார் இவர்.

"அப்பா, நான் படிக்கப் போறன். தமிழ் ஆக்களைப் பாக்கப் போகேல்லை."

"காய்ச்சல் வந்தா ஆர் பாக்கிறது?"

"டொக்டர்."

இவர் என்னைப் பார்த்தார். பிள்ளை சொன்னதில் பிழை இல்லாததால் நான் கோப்பை கழுவப் போனேன்.  மூன்று நாளாக இவர் ஆர்.ஈ.ஆர். ரயிலில் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் கோர்சிகாவில் யாரையாவது தெரியுமா என்று விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. நாலாம் நாள் சோற்றைப் பிசைந்தபடியே தீர்ப்புச் சொன்னார்: எல்லாருமாகப் போய்த் தீவைச் சுற்றிப் பார்ப்போம், ஒரேயொரு தமிழ்க் குடும்பம் அகப்பட்டால் பிள்ளையை விடுகிறேன், இல்லாவிட்டால் சென் தெனி. அகப்படாது என்று இவருக்கு நல்ல நிச்சயம். ஆரணிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வீம்புக்காரி, "ஓம்" என்று சொல்லிவிட்டாள்.

நாங்கள் அதுவரை உறவினர் இல்லாத ஊருக்குப் போனதே கிடையாது. லண்டனுக்குக் கல்யாணத்துக்கு, ஜெர்மனிக்குச் சாமத்தியவீட்டுக்கு, சுவிசுக்குத் தேருக்கு. ஆகவே கோர்சிகாவுக்கு எப்படி மூட்டை கட்டுவதென்றே எனக்குத் தெரியவில்லை. சோறு சமைக்கிற குக்கர், இடித்த மிளகாய்த்தூள், பொரித்த கத்தரிக்காய், ஒரு பெரிய டப்பா மட்டன் ரோல் எல்லாம் வைத்தேன். இவர் தன் பங்குக்கு ஒரு பெட்டி மாம்பழம் ஏற்றினார்.

"இது ஆருக்கப்பா?"

"ஒரு வீட்டை வெறுங்கையோடை போறதே?"

"எந்த வீட்டை?"

"அகப்பட்டால்," என்றார். அகப்படாது என்று நம்புகிறவர் எதற்கு மாம்பழம் ஏற்றுகிறார் என்று நான் கேட்கவில்லை. வானில் ஏறி உட்கார்ந்தேன்.

தெற்குத் துறைமுகமான தூலோனில் வானோடு கப்பல் ஏறிக் காலையில் தீவின் பஸ்தியாவில் இறங்கினோம். ஆரணி கேட்டபடி நேரே கோர்த்தே. மலைக்குமேல் கோட்டை, கீழே ஆறு, அதற்குள் பச்சைக் கண்ணாடி போலத் தண்ணீர். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். இவர் மாணவர் விடுதிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் தபால்பெட்டிகளை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்மணி நாய்க்குட்டியோடு வந்து என்ன வேண்டும் என்று கேட்க, "தமிழர் இருக்கிறார்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாரே பார்க்கலாம். அந்தப் பெண்மணி அது ஏதோ நாய்ச்சாதி என்று நினைத்து, இந்தக் கட்டடத்தில் தன் நாய் மட்டும்தான் என்று சொன்னாள். ஆரணி ஓடிப்போய் ஆற்றில் காலை வைத்துக்கொண்டாள். அங்கே அவள் சிரித்த சிரிப்பை அதற்கு முந்தி நான் கார்ஜில் கண்டதில்லை. இவரும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வானுக்குக் காற்றுப் போதுமா என்று ரயரை உதைத்தார்.

அன்று நாங்கள் கூடாரம் அடித்த இடத்தின் பொறுப்பாளர் மரி-லூயிஸ். முந்தித் தமிழரைக் கரும்புத்தோட்டத்துக்குக் கொண்டுபோன ரெயூனியோன் தீவில் பிறந்தவர். அவருடைய குடும்பப் பெயர் மாரிமுத்து என்று கேட்டதும் இவர் மேசையைத் தட்டிக்கொண்டு எழும்பினார். ஆனால் அந்த அம்மாவுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

"பெயர் தமிழ்தானே அப்பா," என்றாள் ஆரணி.

"எந்த ஊரெண்டு கேட்டால் அவவுக்கே தெரியாது. இது கணக்கிலை சேராது."

"நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லை. தமிழ்க் குடும்பம் எண்டுதான் சொன்னனீங்கள்."

"கதைக்கத் தெரியவேணும். வருத்தம் வந்தா என்னண்டு சொல்லவேணும்."

"எனக்குப் பிரெஞ்சு தெரியும். அவவுக்கும் தெரியும்."

இவர் மாம்பழப் பெட்டியைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் நான் இரண்டு மாம்பழத்தை எடுத்துப் போய் மரி-லூயிஸிடம் கொடுத்தேன்.

பிறகு கால்வி, போர்த்தோ, அஜாக்சியோ என்று ஊர் ஊராக மேற்குக் கரையால் சுற்றினோம். பாரிசில் இரட்டைத் தரிப்பில் வானை விட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற வீரர், அந்தச் செம்பாறை வளைவுகளில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கந்தசஷ்டிக் கவசம் முணுமுணுத்தார். ஒரு வளைவில் மாடு ஒன்று தெரு நடுவே படுத்திருந்தது. இவர் ஹோர்ன் அடித்தார். அது அசைபோட்டது. இவர் இறங்கிப்போய்த் தமிழில் அதட்டினார். அது தலையை மட்டும் திருப்பியது.

"அப்பா, எந்த இடமெண்டு கேளுங்கோ," என்று உள்ளிருந்து ஆரணி சொன்னாள். இவர் முதலில் முறைத்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். அன்று பின்னேரம் கடற்கரையில் ரோல் சாப்பிடும்போது இவர் யாரையும் தேடவில்லை. நல்ல மனிதர்தான் என்று எனக்கே தோன்றியது.

கடைசி இடம் பொனிஃபாசியோ. குன்றின் உச்சியில் ஒடுங்கிய தெருக்கள். ஓர் உணவகத்தின் பின்பக்கத்தால் நடந்தபோது உள்ளே யாரோ தொலைபேசியில் கத்தினார்: "உனக்கு எத்தினை தரமடா சொல்லுறது, உந்தச் சீட்டுக் கட்டுற வேலை வேண்டாமெண்டு."

இவர் அப்படியே நின்றார். அடுத்த கணம் குசினிக்குள் பாய்ந்துவிட்டார். உள்ளே இருந்தவர் இராஜேந்திரன், தலை நரைத்த சமையல்காரர், பதினைந்து வருடமாக அங்கே இருக்கிறாராம். இரண்டு ஆம்பிளைகளும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இராஜேந்திரனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆரணி என் கையை இறுக்கினாள். "அம்மா, அகப்பட்டிட்டுது," என்றாள். எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருந்தது.

மத்தியானம் அவர்கள் வீட்டில் விருந்து. மனைவி சாரதாதேவி கணவாய்க்கறி வைத்து, இடியப்பம் அவித்து, பாயாசமும் காய்ச்சியிருந்தா. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எப்படிச் செய்தாவோ தெரியாது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மாம்பழப் பெட்டி அவர்களுடைய மேசையில் இருந்தது. இராஜேந்திரனின் தமையனும் இவருடைய பெரியப்பாவும் ஒரே கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவர்கள் என்று கண்டுபிடித்தாயிற்று. இவர் மகிழ்ச்சியில் மிதந்தார். ஆரணி கோர்த்தேயில் படிக்கப்போவதாக வந்தவுடனேயே தன் வாயாலேயே சொல்லிவிட்டிருந்தார்.

"இனி உவ எங்கடை பிள்ளை, தம்பி," என்றார் இராஜேந்திரன். "வெள்ளிக்கிழமை பின்னேரம் நானே காரிலை போய் ஏத்துவன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுவன். அங்கை ஆரோடை பழகுறா எண்டதையும் பாத்துக்கொள்ளுவன்."

"ஓம் அண்ணை."

"பிள்ளை, தலைமயிரை ஏன் இப்பிடிக் கட்டையா வெட்டினது?" என்றா சாரதாதேவி. "வளர விடும். நான் எண்ணெய் வைச்சு விடுறன்."

"ஓம்," என்றாள் ஆரணி.

"தம்பி, குறிப்பு இருக்கோ?" இது இராஜேந்திரன். "அக்காவின்ரை மோன் சேந்தன் மர்செயிலை நல்ல வேலையிலை இருக்கிறான். இப்ப ஒண்டும் அவசரமில்லை. பொருத்தம் மட்டும் பாத்து வைப்பம்."

ஆரணி அதற்கும் "ஓம்" என்றாள். அவள் சோபாவின் நுனியில் முழங்காலைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆற்றில் காலை வைத்துச் சிரித்த பிள்ளை இவள்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.  இவருக்கோ இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

அப்போது இவருடைய தொலைபேசி அடித்தது. லா சப்பல் கடையில் கூட வேலை செய்கிற அல்பிரட். ஒலிபெருக்கியில் போட்டுக் கதைப்பது இவருடைய வழக்கம்.

"என்ன தவம், பெட்டையைத் தீவுக்கு அனுப்புறியாம். இஞ்சை எல்லாரும் கேக்கினம். ஏன், ஏதும் பிரச்சினையோ? ஆரோடையும் பழக்கமோ?"

கணவாய்க்கறி அடுப்பில் இருந்தபோதே இராஜேந்திரன் பாரிசில் இரண்டு பேருக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். மகிழ்ச்சியில் எடுத்ததுதான், கெட்ட எண்ணம் இல்லை. சாரதாதேவி பாயாசக் கரண்டியோடு நின்று எங்கள் பிள்ளையை மேலும் கீழும் பார்த்தா. ஆரணி தலையைக் குனிந்துகொண்டாள்.

இவர் தொலைபேசியை அணைத்தார். முகம் கறுத்துப் போயிற்று. மகளைப் பார்த்தார். 

"அண்ணை," என்றார் இராஜேந்திரனிடம். "உண்மையிலை பிள்ளை வாறது சந்தேகம். சந்தேகமென்ன, வரேல்லை. சென் தெனியிலை இடம் கிடைச்சிருக்கு. வீட்டிலையிருந்தே போய்வருவா. நாங்கள் சும்மா சுத்திப்பாக்க வந்தனாங்கள்."

ஆரணி நிமிர்ந்தாள். அழவில்லை. எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, போய் வானுக்குள் ஏறிவிட்டாள். நான் பாயாசக் கிண்ணத்தை மேசையில் வைத்தேன், வைத்த சத்தம் எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

வான் ஊர் எல்லையைத் தாண்டும் மட்டும் பொறுத்திருந்தேன். பிறகு தொடங்கினேன். "வெட்கமில்லையே உங்களுக்கு? நீங்களே தீர்ப்புச் சொல்லிறது, நீங்களே மாத்திறது. ஊர் என்ன சொல்லும் எண்டு பயந்து சொந்தப் பிள்ளையின்ரை வாயிலை மண்ணைப் போடுறியள். தமிழர் வேணும் தமிழர் வேணும் எண்டு உலகம் முழுக்க அலைஞ்சியள், கண்டவுடனை என்ன வந்தது உங்களுக்கு?" இன்னும் நிறையச் சொன்னேன். இருபத்தொரு வருடத்துச் சரக்கு என்னிடம் கையிருப்பில் இருந்தது.

 இவர் கடல் தெரிகிற ஓர் இடத்தில் வானை ஓரங்கட்டினார். பின்னால் திரும்பினார்.

"பிள்ளை, அந்தப் பதிலை எங்கை போடுறது? தெலிபோனிலையோ?"

"ஓம்." அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கோர்த்தேக்கு ஓமெண்டு போடு."

என் வாயில் பாதியில் நின்ற வசை அப்படியே நின்றது.

"நீங்கள் இப்பதானே அவையிட்டை..."

"அவையிட்டைச் சொன்னது அவைக்கு. அவை நல்ல ஆக்கள். நல்ல ஆக்கள் எண்டபடியால்தான் விடமாட்டினம்." இவர் இருக்கையின் முதுகில் கையை ஊன்றினார். "நீ அங்கையிருந்து ஓம் ஓமெண்டு தலையாட்டினதை என்னாலை பாக்க ஏலாமல் போச்சு. என்ரை பிள்ளை ஒருநாளும் அப்பிடி இருந்ததில்லை. நீ இஞ்சை படிக்கிறதெண்டு ஒரு தமிழருக்கும் தெரியக்கூடாது. ஆரும் கேட்டால் சென் தெனி. நான் பாத்துக்கொள்ளுறன்."

என் கணவர் ஒரு தமிழரிடம் பொய் சொல்லி நான் கண்டது அதுதான் முதல்தரம். அதுவும் கணவாய்க்கறி சாப்பிட்ட வீட்டில், சாப்பிட்ட கை காய்வதற்குள். அதைச் செய்வதற்கு அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

ஆரணி தொலைபேசியில் தட்டினாள்.  பிறகு முன்னால் எட்டி, தகப்பனின் கழுத்தைப் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, காய்ச்சல் வந்தா?"

"எனக்குத் தெலிபோன் அடி. நான் கப்பல் ஏறி வாறன்," என்றார் தவசீலன்.