லயத்துக்கே ஒரு நம்பர்

ஞானஜோதியப் பத்தி நான் நல்லதாச் சொல்லுவேன்னு யாரும் நினைச்சுக்கிட வேண்டாம். வார்டு மெம்பர் ஜோமோள் மேடையேறிப் புகழ்ந்தாச்சு. பேப்பர்ல படம் போட்டாச்சு. பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துலகூட அவ சிரிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறா. இதுல நான் வேற புகழணுமாக்கும். பொச்சரிப்புல பேசுறேன்னு சொன்னா சொல்லிட்டுப் போங்க. பொச்சரிப்புதான், நான் என்ன இல்லைன்னா சொன்னேன்.

அவ கம்பத்துல பிறந்தவ. பிளஸ் டூ முடிச்ச கையோட, கேரளா மலையில வண்டன்மேட்டுப் பக்கம் எங்க லயத்துக்கு வாக்கப்பட்டு வந்தா. லயம்னா ஏலத்தோட்டத்து ஆளுகளுக்கு முதலாளி கட்டிக் குடுத்த வரிசை வீடு. ஒரே நீளக் கூரை, இந்த வீட்டுல தாளிச்சா அந்த வீட்டுல தும்முவாங்க. வந்த புதுசுல அவளுக்குக் காய் எடுக்கவே தெரியாது. பிஞ்சையும் சேர்த்து உருவிப்புட்டுக் கங்காணிகிட்ட வசவு வாங்குவா. நாந்தான் கூடச் செடி மூட்டுல உக்காந்து, காய் தொங்குற சரத்துல எத எடுக்கணும் எத விடணும்னு காட்டிக் குடுத்தேன். அக்கா அக்கான்னு என் பின்னாலேயே திரிஞ்ச புள்ளதான் அவ.

அப்ப என் பவுசே வேற. சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

வருசக்கணக்கா ஏலக்காய் எடுத்த கையில ரேகை நிக்காது. கறை ஏறி, தோல் தேஞ்சு, வழுவழுன்னு ஆயிரும். ரேஷன் கடை மிஷின்ல விரல வச்சா விழாது, பாங்குலயும் விழாது. விரல் விழலேன்னா போனுக்கு ஓடிபி வரும், அந்த நம்பரச் சொன்னாத்தான் அரிசி. போன் வீட்டுக்கு வீடு இருந்துச்சு, ரேஞ்சுதான் கிடையாது. மேட்டுல கடைசி வீடு என் வீடு. அங்க அடுப்படி ஜன்னல்ல போன வச்சா மட்டும் ரேஞ்சு கிடைக்கும். அதனால ரேஷன் கார்டுக்கு, பாங்குக்கு, பென்ஷனுக்கு, எதுக்கு நம்பர் கேட்டாலும் லயமே என் நம்பரத்தான் எழுதிக் குடுத்துச்சு.

ரேஷன் கடை எங்க வீட்டுக்கு நேர் கீழ, ரோட்டோரத்துல இருக்கு. அரிசி போடுற அன்னைக்கு நான் வேலைக்குப் போக மாட்டேன். கீழ இருந்து லட்சுமியக்கான்னு குரல் வரும், நான் ஜன்னல்ல நின்னு நம்பரக் கத்துவேன். அது எதுக்கு வந்த நம்பர்னு பாக்குற வழக்கமே கிடையாது. இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருக்கும், அத யாரு படிச்சா. எண்ண மட்டும் பாத்துச் சத்தமாச் சொல்லுவேன், அவ்வளவுதான். பெரியமுத்து மாமாவுக்குப் பென்ஷன் வந்துச்சான்னு அவருக்கு முந்தி எனக்குத் தெரியும். எவளும் என்கிட்ட முறைச்சுக்கிட முடியாது. முறைச்சா அரிசி வாங்கணும்ல. பலாப்பழம் அறுத்தா முதல் சுளை என் வீட்டுக்குத்தான் வரும். எம் புருசன் வேல்முருகன் எழுதப் படிக்கத் தெரியாத மனுசன். போன ஏதோ தேளு மாதிரி தள்ளி வைப்பாரு. அவருக்கு வர்றது போறது எல்லாம் நாந்தான்.

அப்பதான் பஞ்சாயத்துல ஒரு திட்டம் வந்துச்சு. இனிமே சம்பளம், மானியம், பென்ஷன் எல்லாம் போன் வழியாத்தானாம். அதனால வார்டுல ஒரு ஆள் பாக்கியில்லாம போன் பழகணும், ஆளுக்கொரு சொந்த நம்பர் இருக்கணும், சொல்லிக் குடுக்க வார்டுக்கு ஒருத்தர வைக்கணும்னு சொன்னாங்க. டவர் வருது, சமூகக்கூடத்துக்கு நெட்டு வருதுன்னு மெம்பர் வந்து பேசிட்டுப் போனாங்க. சொல்லிக் குடுக்க என்னைய விட்டா யாரு இருக்கான்னு நான் பாட்டுக்கு இருந்தேன். வீடு தேடி வந்து கூப்பிடுவாங்கன்னு புதுச் சேலைகூட எடுத்து வச்சிருந்தேன்.

ஒரு மத்தியானம் ஞானஜோதி கீழ இருந்து கூப்பிட்டா, எனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்கக்கான்னு. பாத்தேன், சொன்னேன். அடுத்த வாரம் அவ கழுத்துல அட்டை தொங்குது. சொல்லிக் குடுக்குற வேலைக்கு அவ மனுப் போட்டதுக்கு வந்த ஓடிபியத்தான் நான் மலையே கேக்குற மாதிரி கத்தியிருக்கேன். என் வாயாலேயே அவளுக்கு வேல வாங்கிக் குடுத்திருக்கேன்.

அவ சொல்லிக் குடுக்குற லட்சணத்தையும் சொல்லணும், சொல்லாட்டி எனக்கு மனசு ஆறாது. கூடத்துல வந்து உக்காருங்கன்னு அவ யாரையும் கூப்பிடல. மத்தியானம் சோத்துப் பாத்திரத்தத் திறக்குற நேரத்துல தோட்டத்துக்கே வந்துருவா. கறை ஏறின விரல போன் கண்ணாடி மதிக்காது. விரல் முட்டிய வச்சுத் தட்டுங்கன்னு காட்டிக் குடுத்தா. இத்தன வருசம் போன் வச்சிருந்த எனக்கு அது தோணல பாருங்க. பழனாத்தாள் அக்காவுக்கு எழுத்து தெரியாதுன்னு, ஒவ்வொரு பேருக்கும் ஒரு படம் போட்டுக் குடுத்தா. மகனுக்கு ஆட்டுக்குட்டி, மருமகளுக்கு மிளகாய். மருமகளுக்கு மிளகாய் போட்டதுக்கு லயமே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, பல்லக் கடிச்சுக்கிட்டேன்.

டவர் வந்துச்சு. எல்லா வீட்டுக்குள்ளயும் ரேஞ்சு வந்துச்சு. அதுக்கு அப்புறம் ஒவ்வொருத்தராக் கூடத்துல உக்காந்து நம்பர் மாத்த ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு கொடுமை இருக்கு. பழைய நம்பருக்கு வர்ற ஓடிபியச் சொன்னாத்தான் புது நம்பர் ஏறும். என்கிட்ட இருந்து விலகிப் போறதுக்கும் என்கிட்டயே வந்து நிப்பாங்க, நானும் சொல்லணும். சொல்ல மாட்டேன்னா சொல்ல முடியும்? ஒருநாள் பழனாத்தாள் அக்கா, மறுநாள் பெரியமுத்து மாமா. சொல்லி முடிச்ச அந்த நிமிசத்தோட என் போனுல அவங்களுக்கு வர்ற மெசேஜ் சத்தம் நின்னு போகும். பலாப்பழம் இப்ப ஞானஜோதி வீட்டுக்குப் போகுது. அவ அதுல பாதிய எனக்குக் குடுத்து விடுறா. அது தொண்டையில இறங்குமா?

எனக்கு ஒரே ஒரு தைரியம் இருந்துச்சு. லயமே போனாலும் எம் புருசன் போக மாட்டாரு. எங்க வீட்டுக்கு ஒரு போன் போதும்னு ஞானஜோதி முகத்துக்கு நேரா சொல்லிட்டேன். அண்ணனையும் ஒரு தடவ அனுப்புங்கக்கான்னு நயமாக் கேட்டா. அவரு வர மாட்டாரு, அவருக்கு அதெல்லாம் ஏறாதுன்னு சொன்னேன். அப்ப அவரு பக்கத்துலதான் நின்னாரு.

வார்டுல எல்லாரும் போன் பழகி முடிச்சாச்சுன்னு அறிவிக்கிற கூட்டத்துக்கு முந்தின நாள், அடுப்படியில போன் சத்தம் போட்டுச்சு. இப்பல்லாம் அந்த இங்கிலீஷ எழுத்துக் கூட்டியாச்சும் படிச்சுருவேன், பட்டது போதும்னு பழகிக்கிட்டேன். பாங்குல நம்பர் மாத்தக் கேட்டிருக்கு. வேல்முருகன் கணக்குக்கு.

இத ஜன்னல்ல நின்னு கத்தல. போன எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு கூடத்துக்கு இறங்கிப் போனேன். எம் புருசன் பெஞ்சுல உக்காந்து, நாக்கத் துருத்திக்கிட்டு, விரல் முட்டியால போன ஒவ்வொரு தட்டாத் தட்டிக்கிட்டு இருக்காரு. பக்கத்துல ஞானஜோதி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அந்த மனுசன் எதையும் அப்படிக் கண்ணக் கொட்டாமப் பாத்து நான் பாக்கல. என்னையக்கூட அப்படிப் பாத்ததில்ல. எனக்குத் தெரியாமப் போன் வாங்கி, மத்தியான நேரமெல்லாம் பழகியிருக்காரு. இனி உனக்குத் தொந்தரவு இல்லன்னு சொல்லிச் சிரிக்கிறாரு. தொந்தரவுன்னு நான் எப்பச் சொன்னேன்? ஞானஜோதி தலையக் குனிஞ்சுக்கிட்டா. எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க. பாங்கு நம்பரச் சொன்னேன், பின்னாலேயே வந்த ரேஷன் நம்பரையும் சொன்னேன். அதுதான் நான் கடைசியாச் சொன்ன நம்பர்.

அடுத்த ரேஷனுக்கு ரெண்டு பேருமாப் போனோம். கடைக்கார ஏசுரத்தினம் மிஷின நீட்டினாரு, எம் புருசன் விரல வச்சாரு, எப்பயும் போல விழல. அவரு சட்டைப் பையில போன் சத்தம் போட்டுச்சு. எனக்குக் கை தன்னால நீண்டுச்சு. குடுங்க, நான் படிக்கிறேன்னு சொன்னேன்.

அவரு போன நெஞ்சோட அணைச்சுக்கிட்டாரு.

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு ஞானஜோதி சொல்லியிருக்கு."

"நான் யாரோவா?"

அவரு நெசமாவே யோசிச்சாரு. "பொண்டாட்டின்னா சொல்லலாமான்னு நான் கேக்கலயே. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

அப்புறம் மிஷினத் தாண்டிக் குனிஞ்சு, ஏசுரத்தினம் காத கையால மறைச்சுக்கிட்டு, ஒவ்வொரு எண்ணா எழுத்துக் கூட்டுற மாதிரி மெதுவாச் சொன்னாரு. எனக்குக் கேட்டுறக் கூடாதுன்னு நடுவுல ஒருதடவ திரும்பி வேற பாத்துக்கிட்டாரு. சொல்லி முடிச்சு நிமிர்றப்ப மூஞ்சியில அம்புட்டுச் சந்தோசம். அரிசி விழுந்துச்சு. நான் பைய விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஞானஜோதி மேல இருந்த வயித்தெரிச்சல் போதாதுன்னு, அன்னைக்கு எனக்கு அந்த ரேஷன் கடைக்காரர் மேலயும் பொறாமையா இருந்துச்சு.