ஹர்த்தாலன்று அழித்த பெயர்

திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. மெயில் சர்வரில் பெரிய வேலை எதுவானாலும் ஹர்த்தாலன்றுதான் செய்வார்கள். பஸ் ஓடாது, கடை திறக்காது, ஆபீசுக்கு யாரும் வரமாட்டார்கள். சர்வர் நின்றாலும் கத்த ஆள் இல்லை. என்னைப் போல ஒரு பாவப்பட்டவனை மட்டும் விடிவதற்குள் கம்பெனி வேன் கிழக்கேகோட்டையில் அள்ளிக்கொண்டு போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஹர்த்தால் முடிகிறவரை வெளியே வரமுடியாது.

அன்று என் தலையில் விழுந்தது பொது ஃபோல்டர் வேலை. மெயிலுக்குள் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான ஃபோல்டர்கள், ஒன்றுக்குள் ஒன்றாக நூற்றுக்கணக்கில் இருந்தன. வேலையை விட்டுப் போனவர்களுக்குக்கூட அவற்றில் அனுமதி அப்படியே கிடந்தது. ஃபோல்டர் ஃபோல்டராக மவுசால் திறந்து அந்தப் பெயர்களை அழித்தால் மாசக்கணக்கில் ஆகும். மொத்தமாக அழிக்க ஒரு ஸ்கிரிப்ட், சின்ன புரோகிராம்தான், எழுதி வைத்திருந்தேன்.

“அத முடிச்சுக் குடு, ரிலீவிங் லெட்டர்ல அன்னிக்கே ஒப்பு போடறேன்” என்றிருந்தார் மேனேஜர். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் கடிதம் இல்லாமல் சென்னையில் புது வேலைக்குச் சேர்க்கமாட்டார்கள். திங்கட்கிழமை சேர்ந்தாக வேண்டும். மனைவியும் மகளும் அங்கேதான். மாசம் ஒரு தடவை போய் வந்ததில் மகள் எனக்கு ரயிலப்பா என்று பெயர் வைத்துவிட்டாள். கேட்டவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை.

காலையில் ஸ்கிரிப்டை ஓட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த முதல் ஃபோல்டரிலேயே ‘அனுமதி இல்லை’ என்று நின்றது. அடக் கடவுளே! ராஜினாமா கொடுத்தவர்கள் எல்லார் பெயரையும் அழி என்று எழுதியிருந்தேன். நானும் ராஜினாமா கொடுத்தவன்தானே? என் பெயரில் ஓடிய ஸ்கிரிப்ட் முதலில் என்னையே வெளியே தள்ளிவிட்டது. மேல் ஃபோல்டரில் அனுமதி போனால் அடியில் இருக்கும் எதையும் தொட முடியாது.

மேனேஜர் வீட்டுக்குப் போன் போட்டேன். அனுமதியைத் திருப்பித் தரும் பாஸ்வேர்ட் அவரிடம் மட்டுமே இருந்தது.

“போன்ல எல்லாம் சொல்லப்படாதுடோ. ஆறு மணி ஆகட்டும், வரேன்.”

“சார், நாளைக்குக் காலையில எனக்கு ரயிலு.”

“பின்னே? நான் நடந்தா வரட்டும்?”

வைத்துவிட்டார். கேன்டீனும் பூட்டியிருந்தது. மேசையில் கிடந்த நேந்திரங்காய் சிப்ஸைத் தின்று தண்ணீர் குடித்தேன். ஜன்னலுக்கு வெளியே ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. அந்த ஊரையே வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், ஊர் என்ன செய்யும்!

ஆறு மணிக்குப் பிறகு ஸ்கூட்டரில் வந்தார். மேல் ஃபோல்டரில் எனக்கு அனுமதி கொடுத்தார். என்னை மட்டும் விட்டுவிடு என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். கடகடவென்று ஓடி முடிந்தது. கடிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

“உன் பேரு மாத்திரம் அப்படியே இருக்கட்டும், கேட்டயா. ஏதானும் சந்தேகம்னா சென்னையிலேர்ந்தே பாத்துத் தரலாமே.”

எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவன் பெங்களூர் போய் ஒரு வருஷமாகியும் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் இங்கிருந்து போன் போகும். அவன் பெயரையும் இப்படித்தான் இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். அன்று ஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் அவனுக்கு விடுதலை.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். புதிதாகச் சேர்த்த வரியை எடுத்தேன். அடியில் இருக்கும் ஃபோல்டரில் தொடங்கி மேல் ஃபோல்டரில் கடைசியாக என் பெயரை அழிக்கும்படி வரிசையை மாற்றி, மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை நடுவில் நிற்கவில்லை. முடிந்ததும் ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ‘அனுமதி இல்லை’ என்று வந்தது. அந்த வரியை அவருக்கும் காட்டினேன்.

“எடோ, என்ன காரியம் பண்ணினே! எனக்குத் திரும்பக் குடுக்கத் தெரியாதா?”

“தாராளமாக் குடுங்க சார். ஆனா ஸ்கிரிப்ட் எழுதுறவன் கெளம்பியாச்சு. ஒவ்வொரு ஃபோல்டரா மவுசாலதான் குடுக்கணும்.”

அவர் திரையைப் பார்த்தார். ஃபோல்டர்கள் அடிவரைக்கும் இறங்கிக்கொண்டே போயின. மவுசை அவர் தொடவில்லை.